தாமாரின் குரலைக் கேட்டவர் யார்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். விவிலியப் பகுதி: 2 சாமுவேல் 13:1-22)



கல்லூரிகள் திறக்கும் காலம் இது. அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், நந்தியம்பாக்கம், மீஞ்சூர் நிலையங்களில் காலை மின்சார ரயிலுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில், புதுப் பையும் புது அடையாள அட்டையுமாக நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். சிலர் பொன்னேரிப் பக்கம் போகிறார்கள். பலர் எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை தாண்டிச் சென்னைக்குள் போகிறார்கள். அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டிலும் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் இவர்கள். மீன் விற்றும் வீட்டு வேலை செய்தும் கட்டணம் கட்டும் அம்மாக்களின் பிள்ளைகள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை இதுதான்.

இவர்களுக்காகத் திருப்பலியில் மன்றாடுகிறோம். நல்ல மதிப்பெண் கேட்கிறோம், நல்ல வேலை கேட்கிறோம். இன்று இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கல்லூரி வளாகத்துக்குள் நம் மகளுக்கு ஒருவன் பாலியல் கொடுமை செய்தால், அவள் அதை யாரிடம் சொல்வாள்? சொன்னபிறகு அவளுக்கு என்ன நடக்கும்? இந்த இரண்டு கேள்விகளோடு இறைவார்த்தைக்குள் செல்வோம்.

சாமுவேல் இரண்டாம் நூல் 13ஆம் அதிகாரத்தைக் கோவிலில் நாம் அதிகம் கேட்பதில்லை. படிக்கவே மனம் கூசும் பகுதி அது. தாவீது அரசரின் மகள் தாமார். அரசரின் மூத்த மகன் அம்னோன் அவளுக்கு அண்ணன் முறை. வேறு தாயின் பிள்ளை. அவன் அவள்மீது தகாத ஆசை கொள்கிறான். யோனதாபு என்ற நண்பன் அவனுக்கு வழி சொல்லிக்கொடுக்கிறான்: நோயாளிபோல் படுத்துக்கொள், தங்கை வந்து சமைத்துத் தரட்டும் என்று தந்தையிடம் கேள். அம்னோன் கேட்கிறான். தாவீதே மகளை அனுப்பிவைக்கிறார். தாமார் மறுக்கிறாள், கெஞ்சுகிறாள், இது நம் மக்களிடையே நடக்கக்கூடாத செயல் என்று எடுத்துச் சொல்கிறாள். அவன் கேட்கவில்லை, வன்முறை செய்கிறான். பிறகு அவள்மேல் வெறுப்பு வந்து, வேலைக்காரனைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் சொல்கிறான். வேலைக்காரனும் அப்படியே செய்கிறான்.

தாமார் என்ன செய்தாள்? மறைக்கவில்லை. தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டாள், அரச குமாரிக்குரிய உடையைக் கிழித்துக்கொண்டாள், தலைமேல் கையை வைத்துக்கொண்டு தெருவில் உரக்க அழுதுகொண்டே போனாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் கொடுக்கக்கூடிய புகார் அதுதான். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

இப்போது அதைக் கேட்டவர்களைப் பாருங்கள். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் கேட்கிறான். அவனுக்குத் தங்கைமேல் பாசம் உண்டு. ஆனால் அவன் சொன்னது என்ன? இப்போதைக்குப் பேசாமல் இரு, அவன் உன் சகோதரன்தானே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்றான். தந்தை தாவீதும் கேள்விப்படுகிறார். அவருக்குக் கடுங்கோபம் வந்தது என்று விவிலியம் சொல்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. மகளைக் கூப்பிட்டுப் பேசியதாக ஒரு வரி இல்லை. மகனை விசாரித்ததாகவும் ஒரு வரி இல்லை. தாமார் அண்ணன் வீட்டில் வாழ்விழந்தவளாய் அடைந்து கிடந்தாள்.

அன்பார்ந்தவர்களே, அம்னோன் செய்த பாவம் ஒன்று. அதைக் கேட்டவர்கள் செய்த பாவம் இன்னொன்று. அடக்கச் சொன்ன அண்ணன், கோபப்பட்டும் கைகட்டி இருந்த தந்தை, சொன்னபடி கதவைத் தாழிட்ட வேலைக்காரன், வழி சொல்லிக்கொடுத்த நண்பன் என ஓர் அரண்மனையே சேர்ந்து ஒரு பெண்ணின் வாயை மூடியது. அரண்மனையின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக மூடியிருக்கலாம். பெயர் தப்பித்ததா? இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்லச் செய்தான். பின்பு தந்தைக்கு எதிராகவே படை திரட்டினான். நீதி கிடைக்காத இடத்தில் பழிவாங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த அரண்மனையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கல்லூரிகளுக்கு வருவோம்.

2024 டிசம்பர் 23 அன்று இரவு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வெளியிலிருந்து உள்ளே நுழைந்த ஒருவன் அவரை மிரட்டிச் செய்த குற்றம் அது. அந்த மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். அவர் செய்த இந்தக் காரியத்தின் அளவை நாம் உணர வேண்டும். மிரட்டப்பட்ட ஒரு பெண், இரவு கழிந்து விடிந்ததும் காவல் நிலையப் படியேறினார். அவர் வாய் திறந்ததால்தான் அந்த மனிதன் பிடிபட்டான்.

ஆனால் அவருக்கு என்ன நடந்தது? முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்தில் மற்றவர்கள் பார்க்கும்படி ஆகிவிட்டது. பெயரும் விவரமும் பரவின. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தைக் காக்க வேண்டிய இடத்திலிருந்தே அது வெளியே போனது. அந்த நேரத்தில் அவள் அங்கே ஏன் இருந்தாள் என்று கேட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று இதில் தலையிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை வெளியே கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. படிப்பு முடியும்வரை அவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று பல்கலைக்கழகத்திடம் சொன்னது. பெண்ணையே குறை சொல்லும் தொனியில் அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்ததையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். 2025 மே 28 அன்று மகளிர் நீதிமன்றம் அந்த மனிதனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று, தண்டனைக் குறைப்பின்றிக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்கும்படி ஆயுள் தண்டனை விதித்தது.

ஐந்து மாதங்களில் தீர்ப்பு. இதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் இந்தச் செய்தியை நம் ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் படித்தபோது, எது அவள் மனத்தில் நின்றிருக்கும்? தண்டனை நின்றிருக்குமா, பெயர் வெளியே போனது நின்றிருக்குமா? அடுத்த பெண் புகார் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும், முந்தைய பெண்ணை நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தது.

குற்றம் செய்தவன் வெளியாள் என்றால் நிர்வாகத்துக்குச் சற்று எளிது. உள்ளே இருப்பவர்மேல் புகார் என்றால்தான் அரண்மனைக் கதவுகள் மூடத் தொடங்கும். வருகைப் பதிவு அவர் கையில், அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில், பரிந்துரைக் கடிதம் அவர் கையில். அவர்மேல் எப்படிச் சொல்வது? 2023 மார்ச் மாதக் கடைசியில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் தரையில் அமர்ந்து போராடினார்கள். பெரிய பெயர் பெற்ற நிறுவனம் அது. ஆசிரியர்கள்மீது அவர்கள் வைத்த பாலியல் புகார்களை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் போராட்டத்தின் காரணம். அதன்பிறகே முன்னாள் மாணவி ஒருவரின் புகாரில் ஏப்ரல் 3 அன்று ஆசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் வெயிலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெரியவர்களுக்குக் காது கேட்க வேண்டுமா?

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. இந்தச் சட்டம் வந்த வழியும் ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீர் வழிதான். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர், ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பைத் தந்தது. அதன்மேல் எழுந்தது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. அவை மாணவிகளை மட்டுமல்ல, மாணவர்களையும் திருநர்களையும் காக்கின்றன.

இதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். ஐ.சி.சி. என்று சொல்கிறார்களே, அதுதான். மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்காக உழைக்கும் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகள். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற உயர்பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக்கூடாது. நிர்வாகத்தின் பெயரைக் காப்பவரும் புகாரை விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். தாவீது தந்தையாகவும் நீதிபதியாகவும் ஒரே நேரத்தில் இருந்ததால் அல்லவா தாமாருக்கு நீதி கிடைக்கவில்லை!

நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். எழுதத் தெரியாமலோ முடியாமலோ இருந்தால் குழுவே எழுத உதவ வேண்டும். 90 நாள்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். பெயர்களை வெளியே விடக்கூடாது. பணம் கொடுத்து முடித்துவைக்கும் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பெண் காவல்துறைக்குப் போக விரும்பினால் கல்லூரி அவளுக்குத் துணை நிற்க வேண்டும். வந்த புகார்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் ஒரு பெரிய சோதனை இருக்கிறது. எங்கள் கல்லூரியில் புகாரே இல்லை என்று சொல்வதைச் சில நிர்வாகங்கள் பெருமையாக நினைக்கின்றன. சிந்தித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான இளையோர் படிக்கும் இடத்தில், ஆண்டுக்கணக்கில் ஒரு புகாரும் வரவில்லை என்றால், அங்கே எல்லாரும் புனிதர்களாக இருக்க வேண்டும். அல்லது சொல்லப் பயப்பட வேண்டும். மருத்துவமனைக்கு நோயாளி வராததால் ஊரில் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர்மேல் நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். புகார் வருகிற கல்லூரியைக் கெட்ட கல்லூரி என்று நாமும் முத்திரை குத்தக்கூடாது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லத் தைரியம் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். வேண்டும். தானியேல் நூல் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவை நினைவுகூர்வோம். அவளைக் கெடுக்க நினைத்த இருவரும் மக்களின் மூப்பர்கள், நடுவர்கள். பதவியில் இருப்பவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே சபை அவர்களை நம்பி, விசாரிக்காமலே அவளுக்குச் சாவுத் தீர்ப்பு எழுதியது. இளைஞர் தானியேல் எழுந்து கூட்டத்தை நிறுத்தினார். இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். எந்த மரத்தடியில் என்று கேட்டார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். முறையான விசாரணை மாசற்றவரைக் காப்பாற்றும், குற்றவாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். மூடி மறைப்பது இரண்டையும் செய்யாது. வதந்தி மட்டும் வளரும்.

திருஅவைக்கும் இது கசப்பான பாடம். நிறுவனத்தின் பெயரைக் காக்க வேண்டும் என்று பல நாடுகளில் திருஅவைத் தலைவர்கள் புகார்களை மூடினார்கள். தவறு செய்தவர்களை இடம் மாற்றினார்கள். காயம்பட்டவர்கள் இன்னும் காயம்பட்டார்கள், கடைசியில் பெயரும் போனது. அதனால்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் ஒரு சட்டம் தந்தார். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதில் புகார் சொல்லும் வழி இருக்க வேண்டும், குருக்களும் துறவியரும் தெரிந்ததை மறைக்காமல் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அதில் ஆணையிட்டார். கத்தோலிக்கக் கல்லூரி என்று பெயர்ப்பலகை இருந்தால் இந்தக் கடமை இரட்டிப்பாகிறது. சிலுவை மாட்டிய அலுவலகத்தில் ஒரு பெண்ணின் புகார்க் கடிதம் இழுப்பறைக்குள் தூங்கக்கூடாது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். கல்லூரியைக் கேள்வி கேட்பது எளிது. நம் மகள் கல்லூரியில் வாய் திறக்காததற்கு முதல் காரணம் பல நேரங்களில் நம் வீடுதான். நடந்ததைச் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், செல்போனைப் பிடுங்கிவிடுவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று அவள் பயப்படுகிறாள். தப்புச் செய்தவன் கல்லூரிக்குப் போய்க்கொண்டே இருப்பான்; சொன்னவள் வீட்டில் அடைந்து கிடப்பாள். அப்சலோமின் வீட்டில் தாமார் கிடந்ததுபோல. பாசம் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. வாழ்வு மட்டும் இல்லை.

ஆகவே பெற்றோரே, இந்த வாரமே உங்கள் பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள். உனக்கு என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், உன் படிப்பை நிறுத்த மாட்டோம், உன்னைக் குறை சொல்ல மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்தில் இருந்தால் போதாது. அவள் காதில் விழ வேண்டும்.

அவள் வந்து சொன்னால், முதலில் கேளுங்கள். ஏன் அங்கே போனாய், ஏன் அந்த உடை, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்ற மூன்று கேள்விகளையும் விழுங்கிவிடுங்கள். உடல்மீது வன்கொடுமை நடந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக்கூடாது. நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருங்கள். மிரட்டல் செய்திகள் வந்திருந்தால் அழிக்காதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: முதலாமாண்டு சேரும் பிள்ளைகள் பலருக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் என்றால் அது போக்சோ சட்டத்தின்கீழ் வரும். தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. பிள்ளையின் அடையாளம் எந்தச் சட்டத்தின்கீழும் வெளியே போகக்கூடாது. அதனால் அன்பியக் கூட்டத்தில்கூட, செபம் கேட்பதாகச் சொல்லி அதைப் பேசாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது தயங்காமல் மூன்றைக் கேளுங்கள். புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பெயரும் எண்ணும் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன? வெளி உறுப்பினர் யார்? நம் பிள்ளைக்கு மட்டுமின்றி, கேட்க ஆளில்லாத இன்னொரு பிள்ளைக்காகவும் கேட்கிறோம்.

இளைஞர்களே, யோனதாபை மறக்காதீர்கள். அவன் தாமாரைத் தொடவில்லை. யோசனை மட்டும்தான் சொன்னான். இன்று அவன் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். படம் அனுப்புகிறான், சிரிக்கிறான், அப்படிச் செய்டா என்கிறான். நண்பன் தவறுக்குப் போகும்போது தடுப்பவனே நண்பன். கல்லூரியில் பணிபுரியும் காவலாளிகளே, அலுவலர்களே, கதவைத் தாழிட்ட அந்த வேலைக்காரனை எண்ணிப்பாருங்கள். மேலே இருப்பவர் சொன்னார் என்பது கடவுள் முன்பு நமக்குப் போதிய பதிலாகாது.

அன்பார்ந்தவர்களே, விவிலியம் தாமாரின் கதையை மூடவில்லை. இஸ்ரயேலின் மிகப் பெரிய அரசரின் வீட்டு அவமானத்தை, அவர் கோபப்பட்டுச் சும்மா இருந்ததையும் சேர்த்து, இறைவார்த்தை எழுதி வைத்திருக்கிறது. அரண்மனை கேட்காத குரலை ஆண்டவர் கேட்டு, எல்லாத் தலைமுறைக்கும் கேட்கும்படி செய்திருக்கிறார். நம் கடவுள் நிறுவனத்தின் பெயரைவிட ஒரு மகளின் கண்ணீரைப் பெரிதாகக் கருதுகிறவர்.

மன்றாடுவோம்: எளியோரின் குரலைக் கேட்கும் ஆண்டவரே, இந்த நாள்களில் கல்லூரிக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். காயம்பட்டு, சொல்ல ஆளின்றி அழுகிறவர்களுக்குத் துணையாய் இரும். புகாரைக் கேட்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அச்சமில்லாத மனத்தைத் தாரும். எங்கள் வீட்டுக்குள் ஒரு தாமார் வந்து நின்றால், அவளைப் பேசாமல் இரு என்று சொல்லாமல், உட்காரவைத்துக் கேட்கும் காதுகளை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.